பேச்சு குறைகிறது, குணம் மாறுகிறது: வீட்டுப் பெரியவருக்கு என்ன ஆயிற்று?

மாசி மகத்துக்கு மலாக்காவின் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் கூடும் சொந்தக்காரர்கள், நேர்த்திக்கடன் முடிந்ததும் நிழல் பார்த்து உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்ப்பார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒரு குறையும் காதில் விழுவதுண்டு. “பெரியப்பா முன்ன மாதிரி இல்ல. பேச வார்த்த வரமாட்டேங்குது. அதுகூடப் பரவால்ல, பெரியம்மா கீழ விழுந்து அழுதுகிட்டு கெடக்குறாங்க, இவரு பாட்டுக்கு டிவி பாத்துக்கிட்டு இருக்காரு. மனசே கல்லாப் போச்சு.” கேட்பவர்களில் ஒருவர் செய்வினை என்பார். வயசானால் அப்படித்தான் என்பார் இன்னொருவர். சொத்து விஷயத்தில் ஏதோ மனக்கசப்பு என்று மூன்றாமவர் முடிவே கட்டிவிடுவார்.

இந்த மூன்றுமே தவறாக இருக்கலாம். மூளையில் பேச்சை ஆளும் பகுதி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் ஒரு வகை டிமென்ஷியா உண்டு. பேச்சைப் பறிக்கும் அதே நோய், எதிரில் இருப்பவரின் முகத்தில் உள்ள வருத்தத்தையும் கோபத்தையும் அறியும் திறனையும் பலரிடமிருந்து பறித்துவிடுகிறது. வீட்டார் அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோயைவிட அந்தத் தவறான தீர்ப்புதான் குடும்பங்களை அதிகம் உடைக்கிறது.

மூன்று முகம் கொண்ட நோய்

பேச்சிழப்பு மூளைத் தேய்வால் வரக்கூடும் என்பதைப் பிராக் நகர மருத்துவர் ஆர்னால்ட் பிக் 1892-லேயே எழுதினார். அமெரிக்க நரம்பியல் நிபுணர் மார்செல் மெசுலம் 1982-ல் ஆறு நோயாளிகளை விவரித்த பிறகுதான் இது தனி நோயாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. ‘பிரைமரி புரோகிரஸிவ் அஃபேசியா’ என்பது இன்று இதற்கு வழங்கும் பெயர். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்குப் பேச்சிழப்பு என்று 2022 மார்ச்சில் குடும்பத்தார் அறிவித்தார்கள்; மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டையும் தாக்கும் டிமென்ஷியா அது என்பதை மறு ஆண்டு பிப்ரவரியில் சொன்னார்கள். இந்த நோய்களைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருத்துவர்கள் 2011-ல் இதை மூன்றாக வகுத்தார்கள். முதல் வகையில் பேச்சு தடையில்லாமல் வரும், ஆனால் சொல்லின் பொருள் போய்விடும். நாற்பது வருஷம் பால் வெட்டியவர் உளியைக் கையில் வாங்கி, “இது என்னா?” என்று கேட்பார். இரண்டாம் வகையில் பொருள் தெரியும், வாய்தான் ஒத்துழைக்காது. வாக்கியம் துண்டு துண்டாக, திக்கித் திக்கி வரும். மூன்றாம் வகையில் வேண்டிய சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும், நீளமான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாது. இந்த மூன்றாம் வகைக்குப் பெரும்பாலும் அல்சைமர்தான் அடிப்படைக் காரணம்.

முகத்தைப் படிப்பதும் மூளையின் வேலை

உவகை, அழுகை, அச்சம், வெகுளி, இளிவரல், மருட்கை உள்ளிட்ட, உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் எட்டாக வரிசைப்படுத்தினார். மேலே சொன்ன ஆறும், அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் முகப் படங்களில் பயன்படுத்திய ஆறு உணர்ச்சிகளோடு ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. அந்தப் படங்களைக் காட்டி நோயாளிகளைச் சோதித்தபோது ஒரு உண்மை தெளிவானது. பொருள் மறக்கும் முதல் வகைக்காரர்களுக்குச் சிரிப்பு ஓரளவு புரிகிறது. பயம், கோபம், வருத்தம், அருவருப்பு ஆகியவைதான் பிடிபடுவதில்லை. காதை ஒட்டிய மூளைப் பகுதியின் முன்நுனியும், அங்கே உள்ள அமிக்டலா என்ற சிறு பகுதியும் தேய்வதே காரணம். தேய்வு இடப்பக்கம் தொடங்கினால் சொல் முதலில் போகும். வலப்பக்கத்துக்குப் பரவும்போது முகமும் உணர்ச்சியும் போகும்.

சிட்னியில் பியோனா கும்ஃபோரும் சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு நம் வீடுகளுக்கு நேராகப் பயன்படும். முகத்தில் உணர்ச்சியைக் கூட்டிக் காட்டினால், திக்கிப் பேசும் இரண்டாம் வகைக்காரர்கள் முன்பைவிட நன்றாகக் கண்டுகொண்டார்கள். முதல் வகைக்காரர்களுக்கு எவ்வளவு கூட்டிக் காட்டியும் பலனில்லை. அப்படிப்பட்டவர் முன்னால் மனைவி இன்னும் சத்தமாக அழுவது, பார்வையில்லாதவரிடம் கைஜாடை காட்டுவது போலத்தான். அவர் வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் இருக்கிறார் என்று சொல்வதற்கில்லை.

குணம் எப்படி மாறுகிறது?

கலகலப்பாக இருந்தவர் ஒட்டாமல் போவது முதல் வகையில் அடிக்கடி காணும் மாற்றம். அனுசரித்துப் போனவர் பிடிவாதக்காரராவார். பசியாறும் நேரம் ஐந்து நிமிஷம் தள்ளிப்போனாலும் கடிகாரத்தைக் காட்டிச் சத்தம் போடுவார். தினமும் அதே சட்டை, அதே வழி, அதே கடை.

இனிப்பு மேல் அடங்காத ஆசை வருவது இன்னொரு அடையாளம். இங்கேதான் நம்மவர்கள் கூடுதலாக விழித்துக்கொள்ள வேண்டும். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனியை அள்ளித் தின்னும் பெரியவரைத் திட்டிப் பயனில்லை. டப்பாவைக் கண்ணில் படாமல் வைப்பதுதான் வழி.

திக்கிப் பேசுகிறவர்களின் துயரம் வேறு. தங்களுக்கு என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். மனச்சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் அதனால் வருகின்றன. மூன்றாம் வகையில் பதற்றமும் எரிச்சலும் தலைதூக்கும்.

எந்த மொழியில் சோதிப்பது?

2018 தேசிய ஆய்வு, மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்றது. பேச்சிழப்பு வகை அதில் சிறு பங்குதான். ஆனால் அது அறுபதுக்கு முன்பே, வேலை பார்க்கும் வயதிலேயே தொடங்கக்கூடியது, கண்டுபிடிப்பதும் கடினம்.

மலாக்காவில் அந்தக் கடினம் இரட்டிப்பு. டான் சே யான் என்பவர் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் கித்தா பயிரிட்ட பிறகு விரிந்த தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பாட்டி, வீட்டில் தமிழும் கடையில் மலாயும் பேசுவார். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பின் பேரப்பிள்ளைகளின் ஆங்கிலமும் காதில் விழுகிறது. அவரிடம் மலாயில் பத்துப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டு மதிப்பெண் போட்டால், நோய் இல்லாமலே நோயாளி ஆகிவிடுவார். காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டி சமூகத்துப் பாட்டிக்கோ வீட்டுமொழியே மலாய்தான். பெயரைப் பார்த்து அவரைத் தமிழில் சோதித்தால் அதுவும் பிழை.

ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் ஒரு செய்தி சொன்னார்கள்: இருமொழி பேசுகிறவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாக வருகிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும்கூட. பின்னர் 2017-ல் வந்த ஆய்வு, நடத்தையைத் தாக்கும் வகையில் அந்தத் தாமதம் உண்டு, பேச்சைத் தாக்கும் வகையில் இல்லை என்றது. எனவே “எங்கப்பாவுக்கு மூணு பாஷை தெரியும், அவருக்கு இதெல்லாம் வராது” என்று அலட்சியமாக இருக்க முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

பேச்சு ஒரே நாளில் போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தால் அரசாங்க கிளினிக்கில் காட்டி, மலாக்கா மருத்துவமனைக்கு மேற்பரிந்துரை கேளுங்கள். காது மந்தம், தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். இவை சரிசெய்யக் கூடியவை. பெரியவரின் மொழி அறிந்த ஒருவர் கூடவே போய், முன்பு அவர் எப்படிப் பேசினார், இப்போது எப்படிப் பேசுகிறார் என்பதைச் சொல்ல வேண்டும். குணமாற்றத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதை வெளியில் சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று மறைப்பதால்தான் பலருக்கு நோய் தெரியாமலே போகிறது.

தேய்வை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. நினைவாற்றலுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிலருக்குக் குணக்கோளாறைக் கூட்டிவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்ததை வாங்கிக் கொடுக்காதீர்கள். பேச்சுப் பயிற்சி பலன் தரும். முகம் பார்த்து அவரே புரிந்துகொள்வார் என்று காத்திராமல், “எனக்குக் கால் வலிக்குது. கையப் புடிங்க” என்று நேராகச் சொல்லிப் பழகுங்கள். புரிந்தால் செய்வார். பொருள் புரியாதபோது நீங்களே அவர் கையைப் பிடியுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளை பராமரிப்பாளர்களுக்கு வழிகாட்டுகிறது. பார்த்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது இன்னொரு பிள்ளை பொறுப்பேற்க வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு நின்று பிள்ளைகளை ஆளாக்கிய தலைமுறை இது. கல் மனசுக்காரர் என்ற பெயரோடு அவர்கள் போய்ச்சேரக் கூடாது. தமிழில் சோதித்து, தமிழில் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் நமக்குப் போதாது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் அதற்கான பட்டப்படிப்பு இருக்கிறது. எஸ்.டி.பி.எம். முடித்து அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளிடம் டாக்டர், வழக்கறிஞர் என்று சொல்லும் நாம், இந்தப் படிப்பையும் சேர்த்துச் சொல்வோம். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த ஒரு பிள்ளை இந்த வேலைக்கு வந்தால், அலோர் காஜாவிலும் ஜாசினிலும் எத்தனையோ வீடுகளில் சண்டை ஓயும், சிகிச்சை தொடங்கும்.