நல்லேப்பிள்ளி அருகே ஓடும் பாலக்காடு - பொள்ளாச்சி ரயில் பாதை: அகலமானது தண்டவாளம், குறைந்தன வண்டிகள்

பாலக்காடு: கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் நல்லேப்பிள்ளியில் ரயில் நிலையம் இல்லை. பழநிக்கோ மதுரைக்கோ ரயிலில் செல்வோருக்குப் புதுநகரம், கொல்லங்கோடு போன்ற அண்டை நிலையங்களே துணை.

இந்நிலையங்களைக் கடந்து செல்லும் பாலக்காடு - பொள்ளாச்சி பாதை, தென்னிந்திய ரயில்வே நிறுவனத்தின் காலத்தில், 1932-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. திண்டுக்கல்லில் இருந்து பழநி, உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சி வரை ஏற்கெனவே அமைந்திருந்த மீட்டர்கேஜ் பாதையுடன் பாலக்காடு இவ்வாறு இணைந்தது. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளிதான். எனினும் பழநி, மதுரை, ராமேசுவரம் ஆகிய தலங்களுக்கு வண்டி மாறாமல் செல்ல அதுவே வழிசெய்தது.

நாட்டின் பெரும்பாலான பாதைகள் 1,676 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாறிய பின்னர், இப்பாதை தனித்து நின்றது. அகலப்பாதை வண்டிகள் இதில் நுழைய இயலாது. சரக்குகளை இறக்கி மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. எனவே 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் பாதை மூடப்பட்டு, பணிகள் தொடங்கின. சுமார் 58 கிலோமீட்டர் நீளமே கொண்ட இப்பாதைக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் தேவைப்பட்டன என்பது வியப்புக்குரியது. அதுவரை பயணிகளுக்குப் பேருந்தே கதி.

2015 நவம்பரில் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் இருந்து மதுரை சென்ற அம்ருதா விரைவு ரயிலும், பாலக்காடு - திருச்செந்தூர் ரயிலும் இவ்வழியே இயக்கப்பட்டன. ஆனால் மீட்டர்கேஜ் காலத்தில் ஓடிய பயணிகள் ரயில்கள் அனைத்தும் திரும்பவில்லை. அவற்றை மீண்டும் இயக்க வேண்டும் என்பது பயணிகளின் நெடுநாள் கோரிக்கை. ஆலமரங்கள் சூழ்ந்த முதலமடை நிலையம், திரைப்படப் படப்பிடிப்புகளால் பெரிதும் அறியப்பட்டுள்ளது.