கணினி வகுப்பில் சர்க்கரை அளவு 135

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இ-சஞ்சீவனியில் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால், போனை யார் கையில் கொடுக்கிறீர்கள்? பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம்தான். "நீயே போட்டுக் குடுப்பா" என்போம். பிள்ளையும் செல்போன் எண்ணைப் போட்டு, வந்த ஓடிபியைத் தட்டி, டோக்கன் வாங்கி, டாக்டரைத் திரையில் கொண்டுவந்து நிறுத்திவிடும். கைவேகத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் டாக்டர் "சுகர் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டால் எந்த எண்ணைச் சொல்வது? சீட்டில் இரண்டு எண்கள் இருக்குமே! இதைக் கணினி வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

12-ம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான் பாடம் இருக்கிறது. 'இஃப் - எல்ஸ்' கட்டளையை விளக்க, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்கச் சொல்வது வழக்கம். அதற்குப் பதிலாக ரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளட்டும். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்க்கான அளவு. சில வரிகளில் புரோகிராம் தயார்.

இப்போது 135 என்று போட்டுப் பாருங்கள். 'சர்க்கரை நோய்' என்று திரையில் வரும். ஆனால் அந்த 135, அப்பா இட்லி சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுத்ததாக இருந்தால்? அது இயல்பான அளவுதான், ஏனென்றால் அந்தச் சோதனையில் 140-க்குக் கீழே இருந்தால் போதும். புரோகிராமில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் விட்டது, அவ்வளவுதான். வெறும் வயிற்றில் எடுத்ததே 126-ஐத் தாண்டினாலும் டாக்டர் பொதுவாக மறுபடி ஒரு சோதனை செய்துதான் உறுதி சொல்வார். இதைத் தானே எழுதிப் பார்த்த பிள்ளை, போனில் இருக்கும் ஆப் சொன்னதை அப்படியே நம்பிப் பாட்டியின் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ விடாது. மாத்திரை கூடிப்போய்ச் சர்க்கரை சட்டென்று இறங்கினால், மயக்கம் வரைக்கும் போகும்.

பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கும் விஷயம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 2020 ஜூனில், எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற வீடியோ கேமைச் சிகிச்சையாகவே அனுமதித்தார்கள். கவனக்குறைவுக் கோளாறு உள்ள 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு டாக்டர் அதை எழுதிக் கொடுக்கலாம் என்பதுதான் அப்போதைய அனுமதி, மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்து. "அப்போ நான் கேம் ஆடுறதும் வைத்தியம்தானே?" என்று கேள்வி வரும். வரட்டும்! அந்த கேமைப் பிள்ளைகளிடம் சோதித்து, முடிவுகளைக் காட்டிய பிறகுதான் அனுமதி கிடைத்தது என்று சொல்ல அதுதான் சமயம். நடந்த அடிகளை எண்ணும் ஆப்புக்கும் சிகிச்சைக்கும் உள்ள வித்தியாசமும் அதில் புரிந்துவிடும்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலையும் வகுப்பில் ஒரு பத்து நிமிடம் பார்க்கலாம். மருந்துச்சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். நோயாளி சிறுவர் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். 14 இலக்க ஆபா எண் எடுப்பது அவரவர் விருப்பம். "ஆபா கார்டு போட்டுத் தர்றோம், ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் சொல்லக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: பயிற்சிக்குக் கற்பனை நோயாளியையே வையுங்கள். மாணவர் வீட்டு ரிப்போர்ட்டை வகுப்பில் விரிக்க வேண்டாம். கணினி அறிவியல் எடுக்காத பிள்ளைகளுக்கும் ஹைடெக் லேபில் ஒரு பீரியட் ஒதுக்கலாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, சோதனைச் சீட்டில் 'வெறும் வயிறு', 'சாப்பிட்ட பின்' என்று எழுதி வைப்பது. உடல்நலச் சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் எந்த ஆப்பையும் திறக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் பிள்ளையிடம் இன்றே சொல்லி வையுங்கள்.