கொல்லைக் கதவு சாத்தியாயிற்றா?

இரவு மணி பதினொன்று. வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார். குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். அடுக்களையைத் துடைத்து, பாலுக்கு உறை ஊற்றி, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வருகிறீர்கள். அந்தச் சமயம் பார்த்துக் கொல்லைப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம்!

பூனையாக இருக்கும். தென்னை மட்டை விழுந்திருக்கும். இப்படியெல்லாம் மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்க்கிறீர்கள். ஆனாலும் கால் நகரமாட்டேன் என்கிறது. 'கொல்லைக் கதவைத் தாழ் போட்டோமா, இல்லையா?' என்ற கேள்வி நெஞ்சில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

அம்மணிகளே! இந்த ஒரே ஒரு கேள்வியை மூலதனமாக வைத்துக்கொண்டு சினிமாக்காரர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அரண்மனை செட் வேண்டாம். யானை, குதிரை வேண்டாம். வெளிநாட்டில் போய் டூயட் பாட வேண்டாம். ஒரு வீடு, வீட்டுக்குள் ஒரு பெண், வெளியே முகமூடி போட்ட ஓர் ஆசாமி. அவ்வளவுதான், படம் தயார்!

"சே! இந்தக் கண்ராவியை யாராவது பார்ப்பார்களா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். என் பெரியம்மா எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வரையில்!

பெரியம்மா பார்த்த படம்

பெரியம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். சுற்றிலும் மரவள்ளிக் காடு. தூரத்தில் கொல்லிமலை. அடுத்த வீட்டு விளக்கைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு வரப்பாவது தாண்டி நடக்க வேண்டும். பெரியப்பா காலமானதிலிருந்து, "டவுனுக்கு வந்துவிடு அம்மா" என்று பிள்ளைகள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். 2025 மே மாதம், ஈரோடு ஜில்லா சிவகிரி பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றுவிட்டு நகையைக் கொண்டுபோன செய்தி வந்தது. அன்றிலிருந்து பிள்ளைகளின் கெஞ்சல் அழுகையாகவே மாறிவிட்டது.

இந்த நிலையில்தான் பெரியம்மா ஒரு நாள் சேலத்துக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தார். நானும் போயிருந்தேன். பேரப்பிள்ளை டெலிவிஷனில் ஒரு படத்தைப் போட்டுவிட்டான். அசுவின் சரவணன் டைரக்ட் செய்து, டாப்ஸி நடித்து 2019-ல் வெளிவந்த 'கேம் ஓவர்'. ஒரு பெண், அவளுக்கு இருட்டென்றால் பயம், கால் ஒடிந்து சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கூட இருப்பது வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மாள் மட்டும். ராத்திரியில் கொலைகாரர்கள் வந்துவிடுகிறார்கள்.

"நிறுத்தடா! பாட்டி இருக்கும்போது இதையா போடுவது?" என்று நான் பதறினேன். பெரியம்மா கையை அமர்த்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு கேட்டார்:

"ஏன் அம்மிணி, அந்தப் புள்ள பொடக்காணிக் கதவச் சாத்துனாளா?"

பொடக்காணி என்றால் எங்கள் பக்கத்தில் கொல்லைப்புறம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயந்து போவார் என்று நாங்கள் நினைத்த மனுஷி, அரைமணிக்குள் அந்த வீட்டுக்குச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டவர் போலப் பேசுகிறார்! எந்த வாசல் எங்கே, எந்த ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது, சக்கர நாற்காலி எந்தப் படியில் இறங்காது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

இந்த ரகப் படங்களின் முதல் ரகசியம் இதுதான். கெட்டிக்கார டைரக்டர் கொலைகாரனை முதலில் காட்டமாட்டார். வீட்டைக் காட்டுவார். மாடிப்படி, அடுக்களை, டெலிபோன், பின் கதவு என்று ஒவ்வொன்றாய் நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போவார். வீடு நமக்குச் சொந்த வீடு மாதிரி ஆன பிறகுதான் வாசல் மணி அடிக்கும். வீட்டைத் தெரியாவிட்டால், யாரோ எங்கேயோ ஓடுவது வெறும் ஓட்டம்தான். தெரிந்துவிட்டாலோ, "ஐயோ, அந்தப் பக்கம் போகாதே!" என்று நாம் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறோம்.

சேலத்துச் சிக்கனம்

குறைந்த செலவில் படம் எடுக்கும் வித்தை சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. ஏற்காடு போகிற வழியில் அந்த நுழைவாயில் வளைவைப் பார்த்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழில் நுட்பம் படித்துத் திரும்பிய டி. ஆர். சுந்தரம், 1930-களில் இங்கே ஸ்டூடியோ ஆரம்பித்தார். நூலைப் போட்டால் துணியாக வெளிவரும் ஆலையைப் போல, கதையைப் போட்டால் படமாக வெளிவரும் ஆலை ஒன்றை அமைத்துவிட்டார்! எல்லாம் ஒரே வளைவுக்குள். நேரத்துக்கு வர வேண்டும், நேரத்துக்கு முடிக்க வேண்டும். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938) இந்தக் கம்பெனியுடையது. தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம் 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' (1956) இவர்களுடையதே. இந்த முத்திரையோடு நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வந்தன.

மர்மப் படங்களும் இங்கே ஏராளம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை வைத்து 1950-ல் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் எம். என். நம்பியார் பல வேஷங்களில் வந்து அசத்தினார். 1963-ல் சுந்தரம் காலமான பின்பு அவர் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். ஜெய்சங்கரைத் துப்பறிய விட்டு 1966-ல் 'வல்லவன் ஒருவன்' எடுத்தார். அதற்கு இசையமைத்த வேதாதான், மறு வருஷம் ஏவி.எம். எடுத்த 'அதே கண்கள்' படத்துக்கும் இசையமைத்தார்.

'அதே கண்கள்' உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஞாபகம் இருக்கும். கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் வீட்டுக்குள் ஓர் உருவம் வரும். முகம் மூடியிருக்கும், கண்கள் மட்டும் தெரியும். பாட்டும் கலரும் நகைச்சுவையுமாக எடுத்த படம் அது. சிக்கனப் படம் என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டு நடக்கும்போது தைரியமாக இருந்த ஜனங்கள், அந்தக் கண்கள் வந்ததும் வாயடைத்துப் போனார்கள். அந்தக் கண்களுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒரு முழம் துணி!

பாட்டையே எடுத்துவிட்டால் என்ன என்று முன்பே யோசித்தவர் வீணை எஸ். பாலசந்தர். 1954-ல் 'அந்த நாள்' படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தார். தனி வீடு ஒன்றில் கூடியவர்கள் ஒவ்வொருவராய் மாண்டுபோகும் 'நடு இரவில்' (1970) படமும் அவருடையதே. ஹிந்தியில் ராம் கோபால் வர்மா 1999-ல் 'கௌன்' எடுத்தார். ஒரு வீடு, வெளியே மழை, மூன்றே மூன்று நடிகர்கள், ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. கதவைத் திறப்பதா வேண்டாமா என்பதுதான் பாதிக் கதை!

கடையில் வாங்கிய முகமூடி

கடல் தாண்டிப் போனாலும் இதே கதைதான். 1960-ல் ஹிட்ச்காக் 'சைக்கோ' எடுத்தபோது, பெரிய படக் குழுவை விட்டுவிட்டுத் தம் டெலிவிஷன் ஆட்களை அழைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளையில் எடுத்தார். குளியலறையில் ஓடும் ரத்தம் என்ன தெரியுமா? சாக்லெட் பாகு!

1978-ல் ஜான் கார்ப்பென்டர் சுமார் மூன்று லட்சம் டாலரில் 'ஹாலோவீன்' எடுத்தார். அமெரிக்க சினிமாவில் அது சில்லறைக் காசு. கொலைகாரனுக்குக் கடையில் விற்ற ஒரு ரப்பர் முகமூடியை வாங்கி, வெள்ளைச் சாயம் பூசி மாட்டிவிட்டார்கள். இலையுதிர் காலம் என்று காட்டச் சருகு வேண்டும். படம் எடுத்ததோ வசந்த காலம். ஆகவே காகித இலைக்குச் சாயம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி, அடுத்த காட்சிக்கு மறுபடி தூவினார்கள்! கொலுப் பொம்மையைப் பத்திரப்படுத்தும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சிக்கனம் நன்றாகவே புரியும். படம் நாலு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

அந்தப் படத்துக்கு இசையும் கார்ப்பென்டரேதான். பியானோவில் ஒரு சின்ன மெட்டு, திரும்பத் திரும்ப. அது ஒலிக்கும்போது பயம். திடீரென்று நின்றால் அதைவிடப் பயம்! சேலத்தில் தறிக்காரர் தெருவில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இரவு முழுவதும் 'கடக் கடக்' என்று தறி ஓடும்போது குழந்தைகூட நிம்மதியாகத் தூங்கும். கரண்டு போய்த் தறி நின்றதோ, தெருவே விழித்துக்கொள்ளும். நிசப்தத்துக்குச் செலவே இல்லை. அதைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்தவர்தான் டைரக்டர்.

அடுக்களை ஆயுதங்கள்

இனி, நம் பெண்களுக்கு மிகவும் பிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படங்களில் போலீஸ் கடைசியில்தான் வரும். கதாநாயகனும் வரமாட்டான். அவள் கையில் கிடைக்கும் வீட்டுச் சாமான்தான் ஆயுதம். 'ஹாலோவீன்' பெண் முதலில் எடுப்பது ஸ்வெட்டர் பின்னும் ஊசி. அடுத்தது சட்டை மாட்டும் கம்பி!

1967-ல் வந்த 'வெயிட் அன்டில் டார்க்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்குக் கண் தெரியாது. வீட்டுக்குள் புகுந்த கயவர்களோ கண்ணுள்ளவர்கள். அவள் என்ன செய்கிறாள்? வீட்டிலுள்ள விளக்குகளை எல்லாம் உடைத்துவிடுகிறாள். இப்போது இருட்டு எல்லோருக்கும் பொது. இருட்டில் நடமாடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்! ஆனால் ஒரு விளக்கை மறந்துவிட்டாள். எது தெரியுமா? குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் எரியுமே, அந்தக் குட்டி விளக்கு. வீடு நடத்தத் தெரிந்தவர் யாரோ எழுதிய கதை என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

சரி, எல்லாப் படமும் இப்படியா? இல்லவே இல்லை. பத்துக்கு ஏழு குப்பை. பெண்ணை முட்டாளாக்கி, இருட்டறைக்குள் காரணமில்லாமல் அனுப்பி, அவள் அலறுவதையே வேடிக்கையாகக் காட்டுகிற படங்கள் அவை. சாயத்தை வாளி வாளியாகக் கொட்டிவிட்டுப் 'பயங்கரம்' என்று பெயர் வைத்தால் போதுமா? அங்கே பயம் வராது, அருவருப்புத்தான் வரும். அந்தப் பெண் நம்மைப் போல யோசிக்க வேண்டும். நாம் செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் கதவு அசைந்தால், அதுதான் பயம்!

படம் முடிந்த பிறகு

படம் முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் பெரியம்மாவின் முகத்தையே பார்த்தார்கள். 'இப்போதாவது டவுனுக்கு வர ஒப்புக்கொள்வார்' என்று ஒரு நப்பாசை. பெரியம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அந்த வேலைக்காரம்மா கூட இல்லீன்னா, அந்தப் புள்ள முன்னாலயே போயிருக்கும் கண்ணு. ஊட்டுல ரண்டு பேரு வேணும்."

அவ்வளவுதான். மறுநாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்! டவுனுக்குக் குடிவர முடியாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒரே வாரத்தில் வீட்டு நிலவரம் மாறியது. தோட்ட வேலைக்கு வரும் விதவை அம்மாளும் அவள் மகளும் இப்போது அங்கேயே வந்து படுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணின் படிப்புச் செலவு பெரியம்மாவுடையது. பொடக்காணி விளக்குக்குப் படுக்கை அறையிலேயே ஸ்விட்ச் வைத்தாயிற்று. நகையெல்லாம் பாங்குப் பெட்டகத்துக்குப் போய்விட்டது. ஒன்பது மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு போன். மணி அடித்து இங்கே எடுக்காவிட்டால், அங்கிருந்து ஆள் கிளம்பிவிடும்.

இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் அழுதும் நடக்காத காரியம்! 'பயப்படு, பயப்படு' என்று சொன்னால் பெரியம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் படம் அவரைப் பயப்படச் சொல்லவில்லை. ஒரு வீட்டைக் காட்டி, அதில் எந்தக் கதவு பலவீனம் என்று கேட்டது. பதிலை அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் பிள்ளை இப்படி ஒரு படத்தைப் போட்டால் உடனே திட்டாதீர்கள். சின்னக் குழந்தைகளைத் தூங்கப் பண்ணிவிட்டு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

என்ன, நானா? எனக்குப் பயமே கிடையாது. இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போது மணி பதினொன்று. வீட்டுக்காரர் வெளியூர். நடுவில் மூன்று தடவை எழுந்து போனது தண்ணீர் குடிப்பதற்காகத்தான். வழியில் கொல்லைக் கதவு இருந்தால் அதற்கு நான் என்ன செய்யட்டும்?