சிறு பல்லியைக் காத்தலும் வேற்றுநாட்டுப் பீடையை இனங்காணலும்

கிணற்றுக் கட்டைத் திருத்தும்போதும் வேலியோரக் கற்களைப் புரட்டும்போதும் சிறு பல்லிகளும் முட்டைகளும் கமக்காரர் கண்ணிற் படுவதுண்டு. நஞ்சுடையவை எனக் கருதி அவற்றை உடனே அழிப்போர் பலர். வாங்கிய எருவோடும் நாற்றோடும் வேற்றுநாட்டுப் பீடை தோட்டத்தினுள் வந்து சேர்வதை அவதானிப்போர் சிலரே. காக்க வேண்டியதைக் கொன்று, அழிக்க வேண்டியதை வளரவிட்டால் நட்டம் இருமடங்காகும். ஆதலால் முதலில் இனங்காணல் அவசியமாகும்.

பகற்பல்லி

இரவில் விளக்கடியிற் பூச்சி பிடிக்கும் வீட்டுப் பல்லியை யாவரும் அறிவர். அதன் விரல்கள் தட்டையாக அகன்றவை. கண்மணி வெளிச்சத்தில் நெடுங்கீறல்போலச் சுருங்கும். காட்டோரப் பாறை இடுக்குகளிலும் மரத்தண்டுகளிலும் வாழும் பகற்பல்லி இதனின்றும் வேறானது. அதன் விரல்கள் மெலிந்து வளைந்தவை, கண்மணி வட்டமானது, நிறம் மரப்பட்டையை ஒத்த கபிலம். வாலை நீக்கி அளந்தால் பெரும்பாலும் 3 முதல் 4 சதமமீற்றர் நீளமே இருக்கும்.

இலங்கையில் ஏறக்குறைய 40 பகற்பல்லி இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவை இந்நாட்டுக்கே உரியவை. சில இனங்கள் ஒரு குன்றிலும் அதன் அயலிலும் மாத்திரமே வாழ்கின்றன. அங்குள்ள நிழல்மரங்கள் வெட்டப்பட்டால் அவற்றிற்கு வேறு புகலிடம் இல்லை. இலங்கையிலுள்ள பல்லி எதற்கும் நஞ்சில்லை. சிறு பூச்சிகளே அவற்றின் உணவு. பயிருக்கு அவற்றாற் கேடில்லை.

ஆபிரிக்க நத்தை

கிழக்கு ஆபிரிக்காவுக்குரிய இப்பெருநத்தை 1900ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஓடு கூம்பு வடிவானது; அதிற் கபில நிறக் கோடுகள் நெடுகக் காணப்படும். பகலில் குப்பையின் கீழும் கல்லின் கீழும் ஒளிந்திருந்து, இரவிலும் மழைக்குப் பின்பும் வெளிவந்து இளம் நாற்றுகளைத் தின்னும். மேடையில் இருந்த நாற்றுகள் ஒரே இரவில் மறைந்து, மண்ணில் வெள்ளிபோல் மின்னும் சளித்தடம் காணப்படின் நத்தை வந்துள்ளதென அறியலாம்.

முட்டைகளின் வேறுபாடு

பல்லி முட்டைகள் வெண்மையானவை, ஓடு கடினமானது. அவை பொதுவாக இரண்டிரண்டாகக் கல்லிடுக்கிலோ சுவர் வெடிப்பிலோ இருக்கும். நத்தை முட்டைகளோ இளமஞ்சள் நிறமுடையவை, ஏறத்தாழப் பயற்றளவானவை. ஈரமண்ணினுள் நூறு அல்லது அதற்கும் மேலாகக் குவிந்து கிடக்கும். முன்னையவற்றை இருந்த இடத்திலேயே விட்டு, கல்லைப் பழையபடி மூடிவிடுக. பின்னையவற்றைத் தோண்டியெடுத்து நசுக்கி அழித்தல் வேண்டும்.

பார்த்தீனியம்

வேற்றுநாட்டுப் பீடை பூச்சியாகவோ நத்தையாகவோ மட்டும் வருவதில்லை, களையாகவும் வரும். அமெரிக்கக் கண்டத்திற்குரிய பார்த்தீனியம் 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. இளஞ்செடியின் இலை கரட் இலைபோலப் பிளவுபட்டிருக்கும். பூக்கள் சிறியவை, வெண்மையானவை. ஒரு செடி பல்லாயிரம் விதைகளைத் தரவல்லது. விதைகள் எருவோடும், உழவுயந்திரச் சில்லில் ஒட்டிய சேற்றோடும் பரவும். இச்செடி தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சிழுப்பையும் உண்டாக்கும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. வெளியிலிருந்து வரும் எருவையும் நாற்றையும் தோட்டத்தில் இடுமுன் கிளறிப் பார்த்தல் வேண்டும்.

2. எருக் கொட்டிய இடத்தை மழைக்குப் பின் மீண்டும் பார்த்து, முளைக்கும் புதுச் செடிகளை அவதானித்தல் வேண்டும்.

3. நத்தைகளை வெறுங்கையாற் தொடலாகாது. அவை நோய்ப்புழுவைக் காவக்கூடியவை. கையுறை அணிந்து மாலையிற் பொறுக்கி, வாளியிலுள்ள செறிந்த உப்புநீரில் இடுக. அந்நீரைப் பயிர்நிலத்தில் ஊற்றலாகாது.

4. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குதல் வேண்டும். பூத்த செடியை இழுத்துச் சென்றால் வழியெங்கும் விதை சிந்தும்.

5. முன்பு கண்டிராத பூச்சியோ செடியோ காணப்படின், அயலிலுள்ள விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

ஒரு செடியாக இருக்கும்போது பிடுங்குவது ஒருவர் வேலை. ஊர் முழுதும் பரவியபின் அது ஊரார் அனைவரின் வேலையாகும். பகற்பல்லியை அதன் பாறையிலே வாழவிட்டு, புதிதாய் வந்ததைக் கண்ட அன்றே ஆராயும் கமக்காரர் தம் விளைவையும் அயலவர் விளைவையும் காப்பவராவர்.