உஷார்! உங்கள் முதல் புத்தகத்தை ஒருவர் குறிவைத்திருக்கிறார்

கதை எழுதுகிறீர்களா? கவிதையா? பத்து வருடமாக டைரியில் சேர்த்து வைத்தது இருக்கிறதா? "சாகறதுக்குள்ள ஒரு புத்தகம் போட்டுடணும்" என்று முகநூலில் எங்கேயாவது எழுதிவிட்டீர்களா?

அப்படியானால் இதை முழுசாகப் படித்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

உங்களுக்கு ஒரு போன் வரும். ரொம்ப மரியாதையான போன். "வாழ்த்துகள் மேடம்! எங்கள் ஆசிரியர் குழு உங்கள் படைப்பைத் தேர்வு செய்திருக்கிறது" என்பார்கள். இத்தனை வருடம் வீட்டில் ஒருவர்கூட முழுசாகப் படிக்காத கதையை யாரோ படித்து, பாராட்டி, தேர்வும் செய்துவிட்டார்கள். கண் கலங்கும். கலங்கட்டும், தப்பில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற வரைக்குமாவது ஜிபே பக்கம் போகாதீர்கள்.

நான் அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறவள். புதிதாக எழுத வருகிறவர்கள் எந்த இடத்தில் மாட்டுகிறார்கள் என்பது என் மேஜையில் இருந்து பார்த்தாலே தெரியும். அதில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், பள்ளி ஆசிரியை என்பது போதும்.

பிள்ளைகள் தூங்கின பிறகு எழுதிய சிறுகதைகள். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, விளம்பரத்தில் பார்த்த ஒரு மின்னஞ்சலுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பினார். காலை ஒன்பதே காலுக்குப் போன். தேர்வாகிவிட்டதாம். 160 பக்கத்தை ராத்திரியோடு ராத்திரியாக ஓர் ஆசிரியர் குழு படித்து, விவாதித்து, முடிவெடுத்துவிட்டது! மூன்று மாதம் காத்திருந்தாலும் பதில் வராத உலகம் இது. இவர்களுக்கு மட்டும் அவ்வளவு வேகம் எப்படி வந்தது? அவர் கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள். அதைத்தான் அவர்களும் நம்பியிருக்கிறார்கள்.

அடுத்து 'பேக்கேஜ்' வந்தது. சில்வர், கோல்டு, பிளாட்டினம். "கோல்டு எடுத்துக்கோங்க மேடம், நூலக ஆணை நிச்சயம்" என்றார்கள். 38,000 ரூபாய். சீட்டுப் பணம். வெளியீட்டு விழா, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு என்று பிறகு தனியாக 12,000. நடுவில் ஒருநாள் ராத்திரி பி.டி.எஃப். வந்தது. "காலை பத்து மணிக்குள்ள ஓகே சொல்லிடுங்க, இல்லேன்னா மெஷின் டைம் போயிடும்." மறுநாள் அவருக்குப் பரீட்சை மேற்பார்வை. போனிலேயே நாலு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு ஓகே சொன்னார்.

புத்தகம் வந்தது. 300 பிரதி என்று பேச்சு, வந்தது 50. மீதி "ஆர்டர் வந்தா அடிச்சுக்கலாம் மேடம்." முதல் கதையின் நாயகி பெயர் ஸ்ரீமதி. எழுத்துரு மாற்றியதில் 'ஸ்ரீ' இருந்த இடமெல்லாம் ஒரு காலிக் கட்டம். கட்டம் மதி வந்தாள், கட்டம் மதி அழுதாள், கட்டம் மதி ரயிலேறினாள். கதை முழுக்க இப்படியே. அந்தப் புத்தகத்தை அவர் என்னிடம் கொடுத்தபோது, பிரதி பிரதியாக அந்தக் கட்டங்களுக்குள் நீல மையால் 'ஸ்ரீ' போட்டு வைத்திருந்தார்.

இதோடு போயிருந்தால்கூடப் பணம் போச்சு, பாடம் வந்தது என்று விட்டுவிடலாம். போகவில்லை. மறுவருடம் ஓர் ஒலிநூல்காரர் அவருடைய கதை ஒன்றைக் கேட்டு வந்தார். பணம் தருவதாகவும் சொன்னார். அப்போதுதான் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். நாலு பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. அதைத் தமிழில் சொன்னால் இதுதான்: எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும்.

பதிப்புரிமைக் காலம் எவ்வளவு தெரியுமா? இந்தியச் சட்டப்படி எழுதியவரின் ஆயுள் முழுக்க. அதற்கு மேலும் 60 வருடம். காசும் கொடுத்து, பேரன் பேத்தி காலம் வரைக்கும் கதையையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். தமிழில் கேளுங்கள். தமிழ்ப் புத்தகம் போடுகிறவர் தமிழில் ஒப்பந்தம் தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். பலருக்கும் தெரியாத இடம் இதுதான்.

1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் எழுதுகிறவருக்கு எதிரி இல்லை. நீங்கள் எழுதி முடித்த நொடியே உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது பொய். பதிவு உங்கள் விருப்பம், வழக்கு என்று வந்தால் ஆதாரமாக நிற்கும், அவ்வளவே. உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கின உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால் அது காலாவதி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. ஒப்பந்தம் எழுதுகிறவர் இந்த மூன்று ஓட்டைகளையும் அடைத்துத்தான் எழுதுவார். "முழுக் காலத்துக்கும்", "உலகம் முழுவதும்", "பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்" என்கிற மூன்றும் ஒரே தாளில் இருந்தால் பேனாவை மூடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு மட்டும், இத்தனை வருடத்துக்கு மட்டும் என்று கேளுங்கள். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனிச் சொத்து.

ஒலி உரிமையா, அதெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பாரதியார் பாடல்களுக்கே இது நடந்தது. அவர் மறைவுக்குப் பிறகு இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை தனியாக விற்கப்பட்டு, கைமாறி, கடைசியில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. சென்னை மாகாண அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது 1949-இல். பாரதிக்காக ஊரே குரல் கொடுத்தது. நமக்காக யார் கொடுப்பார்கள்?

சரி, அபாய அறிகுறிகளுக்கு வருகிறேன். போனில் இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலே உஷாராகிவிடுங்கள்.

"ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியா 3,000 ரூபாய்." பொய்! இந்தியாவில் அது இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை தருகிறது. எழுதியவரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். 13 இலக்கம், நம் நாட்டு எண்கள் 978-81 என்றோ 978-93 என்றோ தொடங்கும். அது ஓர் அடையாள எண். விருதும் இல்லை, தரச் சான்றும் இல்லை, பதிப்புரிமையும் இல்லை.

"நூலக ஆணை நிச்சயம்." அரசு நூலகங்களுக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்பது அரசு எடுக்கிற முடிவு. அதற்கு உத்தரவாதம் தருகிறவர் தன்னிடம் இல்லாததை விற்கிறார்.

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் இந்தச் சலுகை." புத்தகம் என்ன கத்தரிக்காயா, வாடிப்போக?

"ஆயிரம் கவிஞர்கள், ஒரே தொகுப்பு, உலக சாதனை! பங்களிப்புத் தொகை 500 மட்டும்." ஆயிரம் பேர் ஆளுக்கு 500 கொடுத்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அதில் எழுதியவர்கள் மட்டும்தான். உங்கள் கவிதை எந்தப் பக்கத்தில் என்று தேடுவதற்குள் கண் வலித்துவிடும்.

"விருதுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், கேடயத்துக்கு மட்டும் செலவு உங்களுடையது." இதன் முற்றிய வடிவம் 'கௌரவ டாக்டர்' பட்டம். பட்டம் தரும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்குத்தான். 2023-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே ஒரு வெளி அமைப்பு சினிமாப் பிரபலங்களுக்கு இப்படிப் பட்டம் கொடுத்து, பிறகு பல்கலைக்கழகமே போலீசில் புகார் செய்ய வேண்டியதாயிற்று. மேடையைப் பார்த்து நம்பாதீர்கள். மேடை வாடகைக்குக் கிடைக்கும்.

இன்னொன்று, ரொம்ப நைசானது. பரிசுப் போட்டி. முதல் பரிசு 10,000 என்று பெரிய எழுத்தில் இருக்கும். "அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளின் உரிமையும் அமைப்பாளருக்கே" என்பது விதிமுறைகளின் கடைசியில் இருக்கும். பரிசு கிடைக்காதவரின் கதையும் போயிற்று! விதிகளைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போங்கள்.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக் காசில் புத்தகம் போடுவது கேவலமில்லை. நேர்மையாகக் கூலி வாங்கிக்கொண்டு அழகாக அச்சடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நானே வேலை செய்கிறேன். "அச்சுக்கூலி இவ்வளவு, உரிமை உங்களுடையது, விற்பது உங்கள் பாடு" என்று சொல்லிவிட்டுக் காசு வாங்குகிறவர் தொழில் செய்கிறார். "உங்களைத் தேர்ந்தெடுத்தோம்" என்று சொல்லிக் காசு வாங்குகிறவரிடம்தான் எனக்குப் பயம். தேர்ந்தெடுத்த பதிப்பாளர் தன் பணத்தைப் போடுவார். விற்றதில் உங்களுக்கு ராயல்டி தருவார். தமிழில் பெரும்பாலும் விலையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

சொந்தமாகப் போடுகிறவர்கள் கணக்குத் தெரிந்துகொண்டு போங்கள். டெமி அளவில் ஒரு ஃபாரம் 16 பக்கம். 160 பக்கம் என்றால் 10 ஃபாரம். இத்தனை ஃபாரம், 70 ஜி.எஸ்.எம். தாள், இத்தனை பிரதி, அட்டை இப்படி என்று எழுதி, மூன்று அச்சகங்களில் விலை கேளுங்கள். அப்போது தெரியும் 'கோல்டு'க்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று. மெய்ப்பைப் போனில் பார்க்கக் கூடாது. தாளில் எடுத்து, உங்களைத் தவிர இன்னொருவரும் பார்த்தபின்தான் ஓகே. லே-அவுட் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுபதிப்புக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். காசே இல்லையா? கிண்டிலில் தமிழ் மின்நூல் ஏற்றுவதற்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம் விசாரியுங்கள். பெண்ணுக்கு வரன் வந்தால் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் கொடுப்போமா? ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும். மாவட்டங்களிலும் நடக்கிறது. நேரில் போங்கள். அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களைப் புரட்டுங்கள், எழுத்துப் பிழை எத்தனை கண்ணில் படுகிறது? அவர்கள் புத்தகம் மற்றவர்கள் கடையிலும் இருக்கிறதா? அவர்களிடம் போட்ட இரண்டு எழுத்தாளர்களைப் பிடித்து, "ராயல்டி வந்ததா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.

என்னை நிஜமாகவே தூங்கவிடாத விஷயம் வேறு. அந்த ஆசிரியை அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு வரி எழுதவில்லை. நடந்ததைக் கணவரிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. வெட்கம். இந்த ஆட்களுக்குக் கவசமே அதுதான். ஏமாந்தவர் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை, அடுத்தவர் போய் விழுகிறார். ஏமாந்தது உங்கள் எழுத்து மோசம் என்பதற்கு அத்தாட்சி இல்லை. அவர் கதைகளை நான் படித்திருக்கிறேன். கட்டங்களை மறந்துவிட்டுப் படித்தால் நல்ல கதைகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் பாதியாவது வந்திருக்கும்.

அதனால் அவசரப்படாதீர்கள். முதலில் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அந்தப் பத்திரிகையை நாலு இதழ் வாங்கிப் படித்துவிட்டு அனுப்புங்கள். யூனிகோடில் அடித்து, முதல் பக்கத்தில் பெயர், முகவரி, போன் எண். ஒரு கதை ஒரே சமயத்தில் ஒரு இடத்துக்கு மட்டும். எதை, எப்போது, எங்கே அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பதில் வரவில்லை என்றால், "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இடம். காத்திருக்கும்போது அடுத்த கதையை எழுதுங்கள். எழுதியதைச் சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். சொந்தக்காரர் "சூப்பர்" என்பார், அல்லது படிக்காமலே "சூப்பர்" என்பார்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களா? முதல் வேலை, வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். கோபத்தில் பலரும் செய்கிற தப்பு அது. பணம் அனுப்பிய விவரம், ஒப்பந்த நகல், பேசின தேதிகள், பிழையான பக்கங்களின் படம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மாயமாகிவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் மோசடிக்கான எண். ஆள் இருக்கிறார், வேலைதான் ஒழுங்கில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால், பேசியது என்ன, வந்தது என்ன, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பாதிப் பேருக்குக் கடிதம் போனதுமே போன் வந்துவிடுகிறது. போனில் சமாதானமாகிவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். தபால் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.