டிடிஎஸ் மீட்டர் சொல்லாத செய்தி: நெல்லைக் குழாய்த் தண்ணீரும் நம் வீட்டுத் தொட்டியும்

தாமிரபரணிக் கரையில் குடியிருந்துகொண்டே தண்ணீரைக் கேனில் விலைக்கு வாங்கிக் குடிக்கிறோம். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் இது சர்வசாதாரணமாகிவிட்டது. காரணம் கேட்டால், "குழாய்த் தண்ணியில உப்பு அதிகம், டிடிஎஸ் கூடுதலா காட்டுது" என்று பதில் வருகிறது. உப்பு இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாம் பயப்பட வேண்டிய இடம் அதுவல்ல.

மழைநீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. அது மண்ணிலும் பாறையிலும் தங்கும்போது கால்சியமும் மக்னீசியமும் அதில் கரைகின்றன. இந்த இரண்டின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளாலும் ஓடும் ஆறு. எளிதில் கரையாத பாறைகளின் மேல் வேகமாக இறங்கி வருவதால் அதன் தண்ணீர் இயல்பிலேயே மென்மையானது. நம் தெருவில் போர் போட்டு எடுக்கும் தண்ணீரோ நெடுங்காலம் நிலத்தடியில் கிடந்தது. அதில் பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது, ஹீட்டர் காயிலில் வெள்ளை ஓடு கட்டும். பள்ளிவாசலில் உளூச் செய்யும் குழாய்களின் வாயில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் இதே சுண்ணாம்புதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் மாநகராட்சித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் ஒரே மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகின்றன. அடுக்களைக் குழாயில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "மாநகராட்சித் தண்ணி சரியில்லை" என்பது ஆற்றின் மேல் வீண் பழி. ஆற்று நீரைத் தெரிந்துகொள்ள, தெருவிலிருந்து வரும் குழாயிலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். கோடையில் ஆற்றில் ஓட்டம் குறையும்போது உப்பின் அளவு சற்றுக் கூடுவதும், மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கி வருவதும் இயற்கை.

கடினநீர் குடித்தால் என்ன ஆகும்? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500), லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை விரும்பத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கிறது. டிடிஎஸ் எனப்படும் மொத்தக் கரைபொருளுக்கு இந்த எண்கள் 500, 2000. கடினத்தன்மைக்கு உடல்நலத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் வரம்பு எதையும் விதிக்கவே இல்லை. சிறுநீரகக் கல்லுக்குக் கடினநீரைக் காரணம் சொல்கிறார்கள். அது உறுதிப்பட்ட செய்தியல்ல. நம் வெயிலுக்குத் தண்ணீர் போதுமான அளவு குடிக்காமல் இருப்பதுதான் பெரிய காரணம்.

வீட்டுக்கு வரும் விற்பனையாளர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். இரண்டு கம்பிகள் செருகிய ஒரு கருவியை இரு தம்ளர்களில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதக்கும். ஆர்ஓ தண்ணீர் அப்படியே நிற்கும். பார்க்கும் தாய்மார்களுக்கு நெஞ்சு பதறும். உண்மையில் அந்தக் கசடு கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், உப்பில்லாததில் பாயாது, நடந்தது அவ்வளவுதான். ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்து காட்டச் சொன்னால் அதுவும் பழுப்பாகும். டிடிஎஸ் 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்ஓ கருவியைத் தடை செய்ய வேண்டும் என 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரிலும் அது 150 என்று காட்டக்கூடும். எண்ணைப் பார்த்து நாமும் நிம்மதியாகக் குழந்தைக்குக் கொடுப்போம். வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை வருவது இந்த வழியில்தான்.

கிருமி எங்கே நுழைகிறது? குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருவதில்லை. சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்குகிறது. விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த இழுப்பு இன்னும் கூடும். நம் வீட்டுக்கு நாலு குடம் கூடுதலாகக் கிடைக்கிறது, அண்டை வீட்டுக்குச் சாக்கடை போகிறது. தண்ணீர் திறந்ததும் முதலில் வருவதைக் கழிவறைக்கும் வாசல் தெளிக்கவும் பிடித்துவிட்டு, நாற்றமும் கலங்கலும் போன பிறகு குடிக்கப் பிடிப்பது நல்லது.

அடுத்த இடம் நம் தரைத்தொட்டி. மூடி உடைந்தும், கழிவறைத் தொட்டிக்கு மூன்றடி தள்ளியும், பெருநாளைக்குப் பெருநாள் கூடக் கழுவப்படாமலும் எத்தனையோ தொட்டிகள் உள்ளன. மாநகராட்சி கலக்கும் குளோரின் குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது விதி. லேசான குளோரின் வாடை காவல் இருப்பதன் அடையாளம். தொட்டியில் நாள்கணக்கில் தேங்கினால் அந்தக் காவல் போய்விடும். அப்போது ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். குடிப்பதற்கு, தளதளவெனக் கொதித்த நீரே போதும். கொதிக்க வைத்தால் கடினத்தன்மையிலும் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும்.

கேன் தண்ணீரும் விதிவிலக்கல்ல. குளோரின் இல்லாத தண்ணீர், கழுவாத கேனில், வெயிலில் நின்ற வண்டியில் வந்தால் அதிலும் கிருமி வளரும்.

ஆற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெல்லையின் கழிவுநீர் தாமிரபரணியில் கலப்பது நீதிமன்றம் வரை போன விவகாரம். ஊருக்கு மேல்புறத்தில் அரியநாயகிபுரத்திலிருந்து நமக்குத் தண்ணீர் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். ஆனால் காயல்பட்டினம் போன்ற கடைமடை ஊர்கள் குடிப்பது நம்மைத் தாண்டிப் போகும் நீரைத்தான்.

சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு வீட்டு பாட்டில் ஆகாது. கிருமிநீக்கிய பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்கி, தெருக்குழாயில் ஒன்றும் அடுக்களைக் குழாயில் ஒன்றுமாக இரண்டு மாதிரிகள் பிடித்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.