காத்திருப்பும் பிரஜாவுரிமையும்

பிழைப்பு நாடிப் பிறநாடு சென்ற ஒருவன், அந்நாட்டின் தொழிலிலே தன் உழைப்பினைச் செலுத்தி, அங்கேயே நிலைபெற விரும்பி அரசினரிடம் விண்ணப்பிக்கின்றான். அவ்விண்ணப்பத்துக்கு 'ஆம்' என்ற விடை வரலாம். 'இல்லை' என்ற விடையும் வரலாம். இவ்விரண்டுமின்றி, விடையே வாராது ஆண்டுகள் பல கழிந்துவிடுதலும் உண்டு. முதலிரண்டையும் பற்றிச் சட்டநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அத்தகைய தாமதம் எவ்வாறு உண்டாகின்றது, அதன் சுமையைத் தாங்குவோர் யாவர் என்பவற்றை நமது மலைநாட்டு வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டிப் பகுதியிற் கல்விகற்று அமெரிக்கா சென்று தொழில் புரியும் இளைஞர் சிலர், 'கிறீன் காட்' எனப்படும் நிரந்தர வதிவிட அட்டைக்காகத் தாம் படும் அவதியை வீட்டாருக்கு அடிக்கடி எடுத்துரைப்பர். வேலையுண்டு, வருவாயுண்டு, வரியும் செலுத்துகின்றோம்; ஆயினும் நாளை இந்நாட்டில் இருப்போமா என்பது தெரியவில்லை என்பதே அவர்தம் முறையீடு. கேட்போர் இதனைப் புதியதொரு துன்பமெனக் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. மஹய்யாவையில் மாநகரசபைத் தொழிலாளர் வாழும் குடியிருப்பிலும், சுற்றியுள்ள மலைத்தோட்டங்களின் லயங்களிலும் வாழ்வோரின் பாட்டன்மார் இதே காத்திருப்பினை அரை நூற்றாண்டுக்கு மேலாக அனுபவித்தவர்களே.

அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1867ஆம் ஆண்டில் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய பின்னர் அதற்காகவும், தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராக இங்கு வந்தனர். தெருக்களைத் துப்புரவு செய்தல் முதலாய நகரத் தொழில்களுக்கும் அவ்வாறே பலர் வந்தனர். இந்தியாவும் இலங்கையும் ஒரே பேரரசின் கீழ் இருந்தமையால், தாம் எந்நாட்டுக்குரியோர் என்ற வினா அக்காலத்தில் அவர்கள்முன் எழவில்லை. சுதந்திரம் வந்தது; வினாவும் உடன்வந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், வம்சாவளியைப் பிரஜாவுரிமையின் அடிப்படையாக்கியது. இந்நாட்டிற் பிறந்தவனாயினும், தன் தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமேனும் இங்கு பிறந்தமையை ஒருவன் காட்டவேண்டியிருந்தது. பிறப்பைப் பதிவுசெய்யும் வழக்கம் அருகியிருந்த காலத்தவரின் பேரர்களுக்கு இஃது இயலாத காரியமாயிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், விவாகமானோராயின் ஏழாண்டும் ஏனையோராயின் பத்தாண்டும் இடையறாது இங்கு வதிந்தமையை நிரூபித்தோர், பதிவின் மூலம் பிரஜைகளாகலாம் என அது விதித்தது. அதே ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகளல்லாதாரின் வாக்குரிமை நீங்கியது.

இச்சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகளே தரப்பட்டன. 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அத்தவணை முடிந்தபோது, ஏறத்தாழ 824,000 பேரை உள்ளடக்கிய 237,000 விண்ணப்பங்கள் வந்து குவிந்திருந்தன. இவற்றை ஆராய்ந்து முடிக்க அறுபதுகளின் முற்பகுதி வரை சென்றது. முடிவிற் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர். அஃதாவது ஆறு பேரில் ஒருவர்.

இத்தாமதத்துக்கு முதற் காரணம், நிரூபிக்கும் பாரம் முழுவதும் விண்ணப்பதாரியின் தலைமேல் வைக்கப்பட்டமையாகும். விண்ணப்பதாரி மாத்திரமன்றி, அவர்தம் மனைவியும் பராயமடையாப் பிள்ளைகளும் தொடர்ந்து வதிந்தமையும் காட்டப்படல் வேண்டும். ஆயின் தோட்டத் தொழிலாளியின் வாழ்வைக் கூறும் எழுத்தோ பெரும்பாலும் தோட்டக் கந்தோரின் செக்ரோலிலேயே அடங்கியிருந்தது. ஒரு தோட்டம் விட்டு மறுதோட்டம் சென்றவன் இரு தோட்டத்துப் பதிவுகளையும் தேடவேண்டும்; பழைய ஏடு கறையானுக்கு இரையாகியிருப்பின் அவனது ஆண்டுகளும் அதனுடன் மறைந்தன. பெயரெழுத்தில் வேறுபாடும் பெருந்தடையாயிற்று. 'முத்துசாமி' என ஓரேட்டிலும் 'முத்து' என மற்றோரேட்டிலும் எழுதப்பட்டவன், இருவரும் தானே என்பதை நிறுவவேண்டியவனானான்.

ஈண்டு என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் பொருத்தமாகும். தோட்டத் தொழிலாளியாயிருந்த என் பாட்டனார் 1951ஆம் ஆண்டில், தவணை முடியுமுன் விண்ணப்பித்தார். விசாரணைக்கு அழைப்பு வந்தபோது ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. பாட்டியார் தம் தாயாரின் மரணத்துக்காக இந்தியா சென்று மீண்டவர்; எந்த மாதத்தில் மீண்டார் என்பதற்குப் பத்திரம் கேட்கப்பட்டது. சாட்சி கூறக்கூடிய பெரிய கங்காணி அதற்குள் காலமாகிவிட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உடனே விசாரித்திருப்பின் அந்தச் சாட்சி உயிரோடிருந்திருப்பார் என்று பாட்டனார் பலமுறை சொல்வாராம். என் தந்தையார் அத்தாட்சிப் பத்திரம் பெற்றது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரேயாம். பாட்டனார் அதனைக் காண இருக்கவில்லை. காலதாமதம் விண்ணப்பத்தைத் தள்ளிவைப்பதோடு நில்லாது, அதன் சான்றுகளையும் அழித்துவிடுகின்றது என்பதை இதனால் அறியலாம்.

இரண்டாவது காரணம், காலக்கெடு ஒரு பக்கத்தாருக்கு மாத்திரம் விதிக்கப்பட்டமையாகும். விண்ணப்பிப்போனுக்கு இரண்டு ஆண்டு. ஒரு நாள் பிந்தினாலும் கதவு அடைபடும். விடையளிக்கவேண்டிய கந்தோருக்கோ சட்டத்தில் நாள் குறிக்கப்படவில்லை. 1954ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரதமர்கள் நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்படிக்கையில், நிலுவையிலிருந்த விண்ணப்பங்களை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிக்க இயன்றவரை முயல்வதெனக் கூறப்பட்டது. முயற்சி என்ற சொல் கடப்பாடு ஆகாது. இரண்டு ஆண்டு என்றது மேலும் பல ஆண்டுகளாக நீண்டது.

மூன்றாவது காரணம், மனிதரை விகிதத்தாற் கணித்தமையாகும். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி, பிரதமர்கள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 975,000 பேர் எனக் கணிக்கப்பட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. 1964ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பங்கீடு பதினைந்து ஆண்டுகளில், இந்தியாவுக்கு ஏழு பேர், இலங்கைக்கு நான்கு பேர் என்ற விகிதத்தில் நிறைவேறல் வேண்டும். இதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது; விண்ணப்பங்கள் அதன் பின்னரே கோரப்பட்டன. இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டினோர் அதற்கென ஒதுக்கிய தொகையினும் மிகப் பலர். இந்தியப் பிரஜாவுரிமை வேண்டினோர் அதற்கென ஒதுக்கிய தொகையினும் குறைந்தோர். எனவே, தகுதியுள்ள ஒருவனுக்குக்கூட, வேறொருவன் தலைமன்னாரிற் கப்பலேறும்வரை விடை கிட்டாத நிலை தோன்றியது. 1984ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரினாற் கப்பற் போக்குவரத்தே நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு லயத்திலேயே இருந்தோர் ஆயிரக்கணக்கினராயினர்.

இக்காலமெல்லாம் நாடற்றோனாய் இருந்தவன் உழைப்பதை நிறுத்தவில்லை. தேயிலையும் ஏற்றுமதியாகாது நிற்கவில்லை. நின்றவை அவனுடைய உரிமைகளே. வாக்குரிமையில்லை, அரசாங்க உத்தியோகமில்லை, குடியேற்றத் திட்டங்களிற் காணியில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். 1977ஆம் ஆண்டில் திரு. சௌ. தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் வெற்றிபெறும்வரை, அச்சமூகத்தின் தொழிற்சங்கத் தலைமை தேர்தல் வாயிலாக அம்மன்றத்தை மீண்டும் அடையவில்லை. ஒரு தலைமுறையின் குரல் கோப்புகளுக்குள் அடங்கிக் கிடந்தது எனலாம்.

மறுபக்கத்து நியாயத்தையும் எண்ணுதல் முறையாகும். தன் பிரஜைகள் யாவரென நிர்ணயிப்பது எந்த இராச்சியத்துக்கும் உரிய உரிமையே. எட்டு இலட்சம் பேரின் வரலாற்றைச் சில உத்தியோகத்தர் ஆராய்வது எளிதன்று. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் அச்சட்டத்தைப் பகிஷ்கரித்தமையால், விண்ணப்பங்களுட் பெரும்பாலானவை இறுதி மாதங்களில் ஒருங்கே வந்தமையும் உண்மை. ஆயினும் இவற்றாற் சில ஆண்டுத் தாமதத்தை விளக்கலாமேயன்றி, அரை நூற்றாண்டுத் தாமதத்தை விளக்குதல் இயலாது.

இதற்குச் சான்று 2003ஆம் ஆண்டிற் கிடைத்தது. அவ்வாண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி முதல் நிரந்தரமாக இங்கு வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜாவுரிமைக்குரியோர் என்றது. அதன்பின், ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயத்தின் துணையோடு நடாத்தப்பட்ட இயக்கத்தில், பத்தே நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். மக்களும் மலைகளும் முன்னிருந்தவையே, மாறியது விதியொன்றே. கந்தோரின் கை மெதுவாக இயங்கியமைக்கு வேலைப்பளு மாத்திரம் காரணமன்று, விதியின் அமைப்பே தலையாய காரணம் என்பது இதனாற் பெறப்படும்.

இனி அமெரிக்காவை நோக்குவோம். அங்கே 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, தொழில்வழி வருவோருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 140,000 நிரந்தர வதிவிட அனுமதிகளே உண்டு. மனைவி மக்களும் அத்தொகைக்குள் அடங்குவர். எந்தவொரு நாட்டிற் பிறந்தோருக்கும் நூற்றுக்கு ஏழு வீதத்துக்கு மேல் வழங்கலாகாது என்ற வரம்பும் உளது. சிறிய நாட்டுக்கும் பெரிய நாட்டுக்கும் அவ்வரம்பு ஒன்றே. ஆதலால் இந்தியாவிற் பிறந்தோரின் வரிசை, முக்கிய பிரிவுகளில் பத்தாண்டுகளுக்கும் மேலாக நீண்டுள்ளது. மாதந்தோறும் வெளியாகும் அட்டவணையில் தம் முறை வந்துவிட்டதா என அவர்கள் பார்க்கின்றனர். அத்திகதி சிலவேளை முன்னேறாது பின்னோக்கியும் செல்லும். இங்கும் காலக்கெடு விண்ணப்பதாரிக்கே உண்டு. பெற்றோருடன் வரிசையில் நிற்கும் பிள்ளை இருபத்தொரு வயதடைந்தால், பெரும்பாலும் அவ்வரிசையினின்றும் விலக்கப்படுகின்றது. வரிசைக்கோ முடிவுத் திகதியில்லை.

உதாரணமாக, கண்டித் தோட்டமொன்றிற் பிறந்த சகோதரர் இருவரை எண்ணுவோம். மூத்தவர் ஒப்பந்தப்படி இந்தியா சென்று, தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் அமைக்கப்பட்ட அரசாங்கத் தேயிலைத் தோட்டத்திற் குடியேறினார்; இளையவர் இங்கேயே தங்கினார். இருவருக்கும் ஆளுக்கொரு மகன் பிறந்தான். இருவரும் பொறியியல் கற்று, அமெரிக்காவில் ஒரே தாபனத்திற் பணிபுரிகின்றனர். இலங்கையிற் பிறந்தவனுக்கு அட்டை முன்னர்க் கிடைக்கும். நீலகிரியிற் பிறந்தவன் நெடுங்காலம் காத்திருப்பான். கல்வியோ உழைப்போ ஒழுக்கமோ இவ்வேற்றுமைக்குக் காரணமன்று. பாட்டனைக் கணக்கிட்ட விகிதம் பேரனையும் தொடர்ந்துவந்து கணக்கிடுகின்றது.

இவ்விரு வரலாறுகளும் எல்லாவகையானும் ஒத்தன என்பது நமது கருத்தன்று. அமெரிக்காவிற் காத்திருப்போனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாடுண்டு. மலையகத்தானுக்கு அதுவும் இல்லை. ஆயினும் இரண்டும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. விடையளியாதிருத்தலும் ஒரு விடையே; அவ்விடைக்கு எதிராக மேன்முறையீடு செய்ய மன்றம் எதுவுமில்லாமையே அதன் கொடுமை.

இக்கல்லூரியின் மாணவர் நாளை உத்தியோகத்தராய் அமர்வர். அவர்தம் மேசைமேலும் விண்ணப்பங்கள் வந்து சேரும். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் வளரும் பிள்ளையொன்றும் முதுமையடையும் சாட்சியொருவரும் உளர் என்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக. விண்ணப்பிப்போனுக்கு நாள் குறிக்கும் சட்டம், விடையளிப்போனுக்கும் நாள் குறித்தல் வேண்டும். அங்ஙனம் குறிக்கும்வரை நீதி பாதியளவே வழங்கப்பட்டதாகும்.